ரூஜ் ஆற்றுச் சதுப்பில் சில சனிக்கிழமைகள்

எண்பத்து நான்காம் ஆண்டு ஐப்பசியில் நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. என்னைக் கூட்டிப் போக விமான நிலையத்துக்கு வந்தவர்கள் என் கணவரின் அக்காவும் அவருடைய கணவரும். மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். நான் அவருடைய தோளுக்கு மேலாகக் கண்ணாடிக் கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் யாரும் வராமலே அது இரண்டு தரம் திறந்து மூடியது.

என் கணவர் அதற்கு முந்தைய ஆண்டு, ஆடிக் கலவரம் தொடங்கிய திங்கட்கிழமை, வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை மதிலுக்கு மேலால் ஏற்றி எடுத்தார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அமைத்த அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை, பிறகு அம்மா வீடு. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. ஆட்கள் என்னிடம் பேசும்போது "காணேல்லை" என்பார்கள். சாவியைக் காணவில்லை, குடையைக் காணவில்லை என்பதுபோல. மச்சாள்தான் ரொறன்ரோவிலிருந்து படிவங்களை நிரப்பி அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

நான் அழவில்லை. அதைத் துணிச்சல் என்று சிலர் நினைத்தார்கள். கல்நெஞ்சு என்று வேறு சிலர். இரண்டுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு சொண்டு தடித்து, தொட்டால் வேறு யாருடையதையோ தொடுவதுபோல இருக்குமே, எனக்கு உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. வந்த மூன்றாம் வாரம் ஸ்காபரோவில் பிஸ்கட் அடைக்கும் ஒரு பக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிளாஸ்டிக் பைகளைச் சூட்டில் ஒட்டும் கம்பியில் ஒரு நாள் என் மணிக்கட்டு பட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

மச்சாளும் அவர் கணவரும் லோரன்ஸ் அவெனியூவில் பதினோராம் மாடி அப்பார்ட்மென்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர், வேலை முடிந்து வந்தால் ரி.வி.யில் ஹொக்கி பார்ப்பார். மச்சாள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். ஒவ்வொரு காலையும் நான் அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் பார்வை முதலில் என் நெற்றிக்குத்தான் போகும்.

"பொட்டை வடிவா வையும். தம்பி இருக்கிறான். இருக்கிறவன்ரை மனிசி வெறும் நெத்தியோடை திரியக்கூடாது."

"ஓம் மச்சாள்."

வைத்தேன். வைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். வைப்பதற்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடம் சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் பாதி நாள் வேலை முடித்துவிட்டு லோரன்ஸ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இறங்க வேண்டிய தரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்தது, மணிக் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கை எழும்பவில்லை. அடுத்த தரிப்பும் போனது, அதற்கடுத்ததும் போனது. கடைகள் முடிந்து வீடுகள் வந்தன, வீடுகள் இடைவெளி விட்டு நிற்கத் தொடங்கின. கடைசியில் சாரதி திரும்பி, "இதுதான் கடைசி" என்றார். இறங்கினேன். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்றால் காற்று முகத்தில் அடித்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்தேன். தெரு சரிவாக இறங்கி, ரூஜ் ஆறு ஏரியில் சேரும் இடத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஆற்றின் இரண்டு பக்கமும் சதுப்பு. போன வருடத்துச் சம்புப் புல் ஆளுயரத்துக்கு வைக்கோல் நிறத்தில் நின்றது. ஆற்று வாயில் ஒரு ரயில் பாலம். ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை சம்புக்குள்ளால் போனது, சேறான இடங்களில் யாரோ பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகையில், கழுத்தில் பைனாகுலரும் வாயில் பென்சிலுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். பைனாகுலரால் பார்ப்பாள், அதை இறக்குவாள், பென்சிலை வாயிலிருந்து எடுத்துக் கொப்பியில் எழுதுவாள், மறுபடி பார்க்கும்போது பறவை போய்விட்டிருக்கும். வாய்க்குள்ளே திட்டுவாள். இதையே மூன்று நான்கு தரம் செய்தாள். பிறகு என்னைக் கண்டாள்.

"உனக்கு இங்கிலிஷ் எழுத வருமா?" என்று கேட்டாள்.

அந்த நாட்டில் அதற்கு முன் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் கொழும்பில் ஒரு கப்பல் கொம்பனியில் சுருக்கெழுத்து ரைப்பிஸ்டாக ஆறு வருடம் வேலை செய்தவள். "வரும்" என்றேன்.

"அப்ப நான் சொல்லச் சொல்ல எழுது. கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் எண்ணலாம்."

கொப்பியை என் கையில் தந்துவிட்டாள். என் பெயரைக் கூடக் கேட்கவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். நான் எழுதினேன். அவள் நியூஃபவுண்ட்லாந்துக்காரி, அந்தத் தீவு ஆட்களைப்போலச் சொற்களை விழுங்கி விழுங்கிப் பேசுவாள். எனக்கோ ஒரு பறவையின் பெயரும் தெரியாது. ஆனால் சுருக்கெழுத்துக்குச் சொல் தெரிந்திருக்கத் தேவையில்லை, கேட்ட ஒலியை எழுதினால் போதும். அரை மணித்தியாலத்தில் இரண்டு பக்கம் நிறைந்தது. அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ன, உங்கள் மொழியா?"

"இல்லை, இங்கிலிஷ்தான்."

திருப்பி வாசித்துக் காட்டினேன். ஒன்றும் தவறவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சம்புக்குள்ளிருந்து இரண்டு தாராக்கள் எழும்பிப் பறந்தன. "அடுத்த சனிக்கிழமை வா" என்றாள். அவள் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். அவளும் வேறு சில பேரும் அந்தச் சதுப்பில் எந்தப் பறவை எத்தனை என்று மாதா மாதம் கணக்கெடுத்து எங்கோ ஒரு காரியாலயத்துக்கு அனுப்பினார்கள். அது யாருக்குத் தேவை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். அதற்கு அடுத்ததும் போனேன். பறவை பார்க்க ஆசை வந்துவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் நினைத்தால் அது உண்மையில்லை. எனக்கு எதிலும் ஆசை இருக்கவில்லை. அங்கே என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, அது பிடித்திருந்தது. அவளுடைய கண் பைனாகுலரில், என் கண் கொப்பியில். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டுக் காலையிலேயே போகத் தொடங்கினேன்.

மெல்ல மெல்ல இடம் பழகியது. சதுப்பில் ஒரு சுற்று. பிறகு ஆற்றோரமாக மேலே நடந்தால் தரை தாழ்ந்து சீடர் மரக் காடு வரும். அந்த மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். கரிய, அசையாத தண்ணீர். வேர்கள் முழங்கால் மடித்ததுபோல வெளியே தெரியும், அதன்மேல் பாசி. நடுப்பகலிலும் அங்கே இருட்டு. காலை வேரிலிருந்து வேருக்கு வைத்துத்தான் போகலாம். அவள் முன்னால் போவாள், அவள் கால் வைத்த இடத்தில் நான் வைப்பேன். வெளியே சம்புக்குள் ஆரவாரமாக இருக்கும். சிவப்புத் தோள் உள்ள கறுப்புக் குருவிகள் ஒவ்வொரு தண்டிலும் ஏறி நின்று கத்தும். தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சின்னஞ்சிறு குருவி நாள் முழுக்கச் சத்தம் போடும், ஆளைக் காண முடியாது. சீடர் காட்டுக்குள் வந்தால் எல்லாம் அடங்கிவிடும். அங்கே நாங்கள் பத்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும், அது கணக்கெடுப்பின் விதி. எனக்கு அந்தப் பத்து நிமிடம் சுலபமாக இருந்தது. அவளுக்குத்தான் கஷ்டம்.

கொப்பியில் கண்டதற்கு ஒரு பத்தி, சத்தம் மட்டும் கேட்டதற்கு வேறு பத்தி. நிச்சயமில்லாததை எழுதக்கூடாது. நான் சுருக்கெழுத்தில் எடுத்ததை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முத்து முத்தாக எழுதி வைப்பேன். ஒரு வருடத்தில் பறவைகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. சில நாட்களில், நாரை நிற்பதை அவள் காண்பதற்கு முன்பே நான் எழுதி வைத்திருப்பேன்.

மச்சாளுக்கு இது பிடிக்கவில்லை.

"சனிக்கிழமையிலை எங்கை போறனீர்?"

"ரூஜ் ஆத்தடிக்கு. குருவி எண்ண."

"குருவி எண்ணவோ?" அவர் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். அண்ணை ரி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனம் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? தம்பி நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுறது?"

"குருவி எண்ணுறன் எண்டு சொல்லுங்கோ."

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருக்கு அது பகிடியாகத்தான் கேட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எண்பத்தாறு வைகாசியில் இலண்டனிலிருந்த ஒரு தூரத்து உறவினர் மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தார். மெட்ராஸில் ஒரு லொட்ஜில் என் கணவரைப்போல ஒருவரைக் கண்டதாக யாரோ தனக்குச் சொன்னார்களாம். தாடி வளர்த்திருந்தாராம். கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லையாம். மச்சாள் ரெலிபோனை வைத்துவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"கண்டவையாம்! மெட்ராஸிலை கண்டவையாம்!"

நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தி இன்னும் கையில் இருந்தது. அவருடைய விரலை வெட்டிவிடும் என்று அதை மெதுவாக மேசையில் வைத்தேன்.

"ஆர் கண்டது?" என்று கேட்டேன்.

"ஆரெண்டாலும் என்ன? கண்டவை."

"ஓம்" என்றேன்.

அவர் என் கையை விட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "உமக்கு நெஞ்சுக்குள்ளை என்னதான் இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பியதுபோலக் கேட்டார். எனக்கும் தெரியாது. மீதிக் கிழங்கை உரித்தேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வெளிக்கிட்டபோது மச்சாளும் சேலை கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். "இண்டைக்கு நானும் வாறன். என்னதான் இருக்குதெண்டு பாப்பம்."

"வாங்கோ மச்சாள். அங்கை சேறு. சப்பாத்தைப் போடுங்கோ."

அவர் போடவில்லை. கோயிலுக்குப் போகும் வெள்ளைக் குதிச் செருப்போடு வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நியூஃபவுண்ட்லாந்துக்காரி அவரைக் கண்டதும் கையைக் குலுக்கி, சேலையைப் புகழ்ந்து, பதிலுக்குக் காத்திராமல் சீடர் காட்டுப் பக்கம் போய்விட்டாள். ஒரு மணித்தியாலத்தில் வருவதாகவும், சதுப்புப் பக்கத்தை நானே பார்த்து எழுதும்படியும் சொன்னாள். இருந்த ஒரு பைனாகுலரை என்னிடம் விட்டுப் போனாள்.

நான் பலகையில் நின்று எழுதினேன். மச்சாள் எனக்குப் பின்னால் நின்றார். வெயில் ஏறியது, நுளம்பு வந்தது. அவர் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டார்.

"உதுக்கோ நீர் வாறனீர்? உந்தப் புல்லுக்கோ?"

ஏழோ எட்டோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அவன் எங்கை கிடந்து சாப்பாட்டுக்கு அலையிறானோ தெரியாது. நீர் இஞ்சை நிண்டு குருவிக்குக் கணக்குப் பாக்கிறீர். மனிசியோ நீர்?"

சொல்லிவிட்டுக் கோபத்தில் திரும்பினார். பலகை அந்த இடத்தில் வளைந்து போகும். அந்த வளைவைச் சுற்றாமல் குறுக்கே நடந்தார். அங்கே பச்சைப் பசேலென்று புல் தரைபோலத்தான் தெரியும். உண்மையில் அது தரையில்லை, சேற்றின்மேல் மிதக்கும் வேர்ப் பாய். முதல் அடியைத் தாங்கியது. இரண்டாவது அடியில் ஒரு கால் முழங்கால் வரைக்கும் போனது. அதை இழுக்க மற்றக் காலை ஊன்றினார். அது தொடை வரைக்கும் போனது.

"பிள்ளை!" என்று கத்தினார்.

நான் கொப்பியைப் பலகையில் வைத்தேன், பைனாகுலரைக் கழற்றி அதன்மேல் வைத்தேன், பிறகு பலகையில் நெஞ்சு பட நீளப் படுத்தேன். அவர் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தார். காலை உதறிக்கொண்டிருந்தார். உதற உதற இறங்கினார்.

"ஆடாதேங்கோ மச்சாள். ஆடினா இன்னும் கீழை போவியள். தலைப்பை என்ரை கையிலை தாங்கோ."

சேலைத் தலைப்பை எறிந்தார். அதை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். "இப்ப படுக்கிறமாதிரி முன்னாலை சாயுங்கோ" என்றேன். அவருக்குப் பயம். சேற்றில் முகம் முட்டும் அளவுக்குச் சாய்ந்தார். நான் இழுத்தேன். சேறு முதலில் விடவில்லை, பிறகு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு ஒரு காலை விட்டது. அந்தச் சத்தத்துக்கோ என்னவோ, எங்களுக்குச் சரியாக முன்னால் இருந்த சம்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் குருகு எழும்பியது. மஞ்சளும் மண்ணிறமுமாக, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தொட்டுவிடும் தூரத்தில் பறந்து போய் மறுபடி புல்லுக்குள் விழுந்தது. மற்றக் காலும் வந்தது. செருப்பு இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன.

மச்சாள் பலகையில் கிடந்து மூச்சு வாங்கினார். இடுப்புக்குக் கீழே எல்லாம் கறுப்பு. பிறகு எழும்பி இருந்து, முகத்தைச் சேற்றுக் கையால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். விமான நிலையத்தில் அழுததுபோல இல்லை. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"பிள்ளை, அவன் இல்லை."

நான் அவர் கால் சேற்றைப் புல்லால் வழித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் இல்லையெண்டு எனக்குத் தெரியும். நீர் வர முந்தியே தெரியும். அவன்ரை கந்தோரிலை வேலை செய்த சிங்களப் பெடியன் ஒருத்தன் கடிதம் போட்டவன். நான் தம்பிக்குக் கந்தோர் விலாசத்துக்குத்தானே கடிதம் போடுறனான், அதிலையிருந்து என்ரை விலாசத்தை எடுத்திருக்கிறான். அவன் பஸ்ஸுக்குள்ளை இருந்து பாத்தவனாம். தம்பியை இறக்கினவையாம். பிறகு..."

அவர் பிறகு நடந்ததைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. காலை எட்டரை மணி, எந்தச் சந்தி என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது.

"அண்ணைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது. உடுப்புப் பெட்டிக்கு அடியிலை வைச்சிருக்கிறன்." மூக்கைச் சிந்தினார். "நீர் வந்த உடனை சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். எயார்போர்ட்டிலை உம்மடை முகத்தைப் பாத்தன். அழாத ஆளுக்கு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? பிறகு நாள் போச்சு. நாள் போகப் போக, இருக்கிறான் எண்டு சொல்லச் சொல்ல, எனக்கே இருக்கிறான் போலை... மெட்ராஸ் எண்டதும் நான் உண்மையா நம்பினனான். அந்தக் கடிதம்தான் பொய் எண்டு நினைச்சன்."

பாலத்தின்மேல் ரயில் ஒன்று கிழக்கே போனது. அது போய் முடியும் வரைக்கும் பேச முடியாது. இதைக் கேட்டால் எனக்குள் ஏதோ இடிந்து விழும் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. அவருடைய பெருவிரல் நகத்துக்குள் சேறு புகுந்திருந்ததைக் கண்டேன். ஒரு ஈர்க்குபோன்ற தண்டை முறித்து அதை எடுத்தேன்.

அப்போது நியூஃபவுண்ட்லாந்துக்காரி பாதையில் ஓடிவந்தாள். "ஏதோ எழும்பியதே, கண்டாயா? குருகுதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், எங்கள் கோலத்தைக் கண்டதும் நின்றாள்.

"சின்னக் குருகு. ஒன்று. கண்டது," என்றேன். கொப்பியை எடுத்து மணியைப் பார்த்து எழுதினேன். மச்சாள் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னைப் பார்க்கத் தனக்குப் பயமாக இருந்தது என்று பின்னொரு காலம் சொன்னார்.

நாங்கள் பஸ்ஸில்தான் திரும்பி வந்தோம். மச்சாள் வெறுங்காலோடு ஏறினார். சாரதி காலைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். வீட்டுக்கு வந்து குளித்த பிறகு மச்சாள் கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு அறையைச் சாத்திக்கொண்டார். ஒன்றரைப் பக்கம், நீல மையில், நல்ல ஆங்கிலம். எழுதியவரை எனக்குத் தெரியும். எங்கள் கலியாணத்துக்கு வந்து இரண்டு தரம் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தவர். கடைசி வரி, தன்னால் இறங்க முடியவில்லை என்பது. "முடியவில்லை" என்பதன்கீழ்க் கோடு போட்டிருந்தார். இரண்டு தரம் வாசித்தேன். பிறகு, ஏன் என்று தெரியாது, அதை முழுவதுமாகச் சுருக்கெழுத்தில் ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அண்ணையிடம் அன்று பின்னேரம் நான்தான் சொன்னேன். அவர் எழும்பிப் போய் ரி.வி.யை நிறுத்தினார். மச்சாளின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆடியில் திவசம் செய்தோம். வீடுகளுக்குப் போய்ப் பூசை செய்யும் ஐயர் ஒருவர் அப்போது ரொறன்ரோவில் இருந்தார். என் கணவர் இறந்த நாளைக் கேட்டார். இப்போது சொல்வதற்கு எங்களிடம் நாள் இருந்தது. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதி குறித்தார். தண்ணீர் ஓடுகிற இடம் வேண்டும் என்றபோது, "ரூஜ் ஆத்து வாய் இருக்கு" என்று மச்சாள்தான் சொன்னார். ஒரு வேலை நாள் காலையில் ஆட்கள் வர முன்பே போனோம். அண்ணை முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பிண்டத்தைக் கரைத்தார். கரைத்து முடிய முன் கடற்புறாக்கள் கூட்டமாக வந்து விழுந்தன. ஐயர் துண்டால் கலைக்கப் பார்த்தார். மச்சாள் "விடுங்கோ ஐயா, தின்னட்டும்" என்றார். நான் என்னை அறியாமல் எண்ணினேன். முப்பத்தொன்று.

அன்று பின்னேரம் மச்சாள் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார். "தாலியைக் கழட்டுறதும் விடுறதும் உம்மடை விருப்பம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றார். கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பொட்டை மட்டும் விடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றால் கை தானாக அதற்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை சீடர் காட்டுக்குப் போகும் வழியில் நியூஃபவுண்ட்லாந்துக்காரியிடம் சொன்னேன். "என் கணவர் இறந்துவிட்டார்."

அவள் சட்டென்று திரும்பினாள். "ஐயோ. எப்போது?"

"மூன்று வருடத்துக்கு முன்பு. எனக்குப் போன மாதம்தான் தெரியும்."

எந்த முகத்தை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு முன்னால் போய் நின்று, எனக்கு வேரில் கால் வைக்கக் கையைத் தந்தாள். அதற்கு முன்பு அவள் அப்படிக் கை தந்ததில்லை. அன்றைக்குப் பத்து நிமிடத்தை அவள் பேசாமல் கடந்தாள். நானும் கடந்தேன். எழுத ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் அவளுடைய அப்பாவுக்கு நோய் வந்து அவள் ஊருக்குத் திரும்பிப் போனாள். பைனாகுலரை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். நான் பக்டரியை விட்டு ஒரு காப்புறுதி முகவரின் கந்தோரில் ரைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். எண்பத்தெட்டில் மச்சாளும் அண்ணையும் நகருக்குக் கிழக்கே விட்பியில் புதிதாகக் கட்டிய வீடொன்றை வாங்கிப் போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். மச்சாள் இரண்டு கிழமை விடாமல் கேட்டார்.

"தனிய என்னெண்டு இருப்பீர் பிள்ளை?"

"இருப்பன் மச்சாள்."

லோரன்ஸிலேயே ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டேன். மச்சாள் ஞாயிறு தோறும் ரெலிபோன் எடுப்பார். முதலில் குளிரைப் பற்றிப் பேசுவார், பிறகு தம்பியைப் பற்றி. என் கணவர் சின்ன வயதில் மரத்தால் விழுந்தது, கணக்கில் தவறியது. நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாலு வருடத்தில் அதையெல்லாம் பேசியதில்லை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில வேளை நானும் ஒன்று சொல்வேன்.

கணக்கெடுப்பை நான் தனியாகச் செய்தேன். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே ஆள் செய்தால் பிழை வரும், வந்தது. ஒரு முறை நான் எழுதி அனுப்பிய ஒரு பறவையைப் பற்றி, நிச்சயமாகக் கண்டீர்களா என்று காரியாலயத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். யோசித்துப் பார்த்தேன். நிச்சயம் இல்லை. வெட்டிவிடுங்கள் என்று பதில் போட்டேன்.

எண்பத்தொன்பது வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பலகையில் நின்றபோது வயதான சீனக்காரர் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். இரண்டு பேரும் புத்தம் புதுப் பைனாகுலர் மாட்டியிருந்தார்கள். அவர் மூடியைக் கழற்றாமலே கண்ணில் வைத்துப் பார்த்தார். மனைவி அவர் கையில் தட்டி மூடியைக் கழற்றினார். பிறகு என்னிடம் திரும்பி, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் சொல்லத் தொடங்கினேன். இந்தத் தண்டில் நிற்பது இது, அது பெண், சிவப்பு இருக்காது. அந்தத் தையல் மெஷின் சத்தம் ஒரு குருவியுடையது. அதோ அந்த இடத்தில் நாரை வரும், காத்திருந்தால் காணலாம். அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள், அது தரையில்லை. மேலே போனால் சீடர் காடு, வேரைப் பார்த்துக் கால் வையுங்கள். அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். மணியைப் பார்த்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் ஒரே மூச்சாக நான் யாரோடும் பேசி எத்தனை வருடம் என்று தெரியவில்லை. தொண்டை வறண்டிருந்தது.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு மேலே நடந்தார்கள். எனக்குப் பசித்தது. கொப்பியை மூடிவிட்டு, தெருவால் ஏறிப்போய், மூலைக் கடையில் இரண்டு முட்டைச் சான்ட்விச் வாங்கினேன். ஒன்றைக் கடை வாசலில் நின்றே சாப்பிட்டேன். மற்றதைப் பிறகு சாப்பிடலாம் என்று பையில் வைத்தேன். பஸ் தரிப்புக்குப் போய்ச் சேர முன் அதையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன்.